திருக்கை எங்கே போயிற்று?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் நீங்கள் போயிருந்தால், வழியெங்கும் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். இவ்வட்டாரத்தில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனம் கைப்பேசிகளைச் செய்தது. இன்று வேறு நிறுவனங்கள் செய்து வருகின்றன. இங்கே உருவான ஒரு கைப்பேசி, கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும் கோபுரத்துடன் ரேடியோ அலைகளால் பேசிக்கொள்கிறது. அதையே நீர் புகாத உறையில் இட்டுக் கடலில் ஓரடி ஆழத்தில் அமிழ்த்தினால் என்ன ஆகும்? ஊமையாகிவிடும்!

காரணம் உப்புதான். கடல்நீரில் கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிந்திருப்பதால் அந்நீர் மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலை உள்ளே நுழைந்ததும், அதன் ஆற்றல் இவ்வயனிகளை அசைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. கைப்பேசி அலை சில சென்டிமீட்டருக்குள் தேய்ந்துபோகும். (ஏரிகளின் நன்னீரில் உப்பு குறைவு. அங்கே அதிர்வெண் குறைந்த ரேடியோ அலை சற்று ஆழம் வரை செல்லும்.)

கடலாமை மூச்சு விட மேலே வருகிறது. ஆகவே அதன் ஓட்டின்மேல் ரேடியோ கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாக அதைப் பின்தொடரலாம். ஆனால் தரையோடு தரையாகக் கிடக்கும் திருக்கையை எப்படித் தொடர்வது? அதற்கு ஒலிதான் வழி.

நீரில் ஒலி எவ்வளவு விரைவாகச் செல்கிறது தெரியுமா? 1826-இல் கொலாடன், ஸ்டர்ம் என்ற இருவர் ஜெனீவா ஏரியில் இதை அளந்தனர். நீருக்கடியில் மணியடித்த அதே கணத்தில் படகில் வெடிமருந்தைக் கொளுத்தினர். 13 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தவர் ஒளியைக் கண்டதும் நேரத்தைக் குறித்து, நீரில் தாழ்த்திய குழாயின் வழியே மணியோசைக்குக் காத்திருந்தார். கிடைத்த விடை: வினாடிக்கு 1,435 மீட்டர். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! நமது வெப்பமான கடல்களில் இது 1,500 மீட்டரையும் தாண்டும்.

இது நம் ஊரிலும் பயன்படும் முறைதான். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், 2004 சுனாமிக்குப் பின் ஆழ்கடலில் எச்சரிக்கை மிதவைகளை நிறுவியது. கடல் தரையிலிருக்கும் கருவி நீரின் அழுத்தத்தை அளந்து, செய்தியை ஒலியாக மேலே அனுப்பும். மிதவை அதைக் கேட்டு, ரேடியோ அலையாக மாற்றிச் செயற்கைக்கோளுக்குத் தரும். நீருக்குள் ஒலி, காற்றில் ரேடியோ என்று வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

மீனைத் தொடர்வதிலும் இதே தத்துவம்தான். மின்கலத்தோடு கூடிய சிறிய ஒலிபரப்பி ஒன்றை மீனின் வயிற்றறைக்குள் வைத்துத் தைப்பார்கள். அல்லது வெளியே பொருத்துவார்கள். அதன் எடை மீனின் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது என்பது பலரும் கைக்கொள்ளும் விதி. 10 கிராம் கருவியென்றால் மீன் அரைக் கிலோவாவது இருக்கவேண்டும். ஒவ்வொரு கருவியும் தனக்கே உரிய குறியீட்டைத் துடிப்புகளாக ஒலிக்கும். பெரும்பாலும் 69 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. பெரும்பாலான மீன்களுக்கு அதைவிட மிகக் குறைவு. ஆனால் கடல்நாய்க்கு இது கேட்கும். கருவி பொருத்திய மீனை அது ஒலியைக் கொண்டே தேடிப் பிடிப்பதை 2015-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. நல்ல வேடிக்கைதான், மீனுக்கல்ல!

இரண்டு மீன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தால் குறியீடுகள் குழம்புமல்லவா? அதனால்தான் துடிப்புத் தொகுதிகளுக்கிடையே ஒழுங்கற்ற இடைவெளி விடுகிறார்கள். கடல் தரையில் நங்கூரமிட்ட ஏற்பிகள், சில நூறு மீட்டருக்குள் வரும் மீனின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும்.

இதனால் என்ன பயன்? திருக்கை இனத்தைச் சேர்ந்த வேளா மீனைப் பாருங்கள். இரம்பம் போன்ற மூக்கு வலையில் எளிதில் சிக்கிக்கொள்வதால் அது உலகெங்கும் அருகிவிட்டது; நம் கடல்களிலும் காண்பது அரிது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கலூசஹாட்சி ஆற்றின் கழிமுகத்தில் ஏற்பிகளை வரிசையாக வைத்து, இளம் வேளாக்களைத் தொடர்ந்தார்கள். மேலே மதகு திறந்து நன்னீர் பெருகினால் குட்டிகள் கடலை நோக்கி இறங்கின. உவர்ப்பு திரும்பியதும் மேலேறின. இளங்குட்டிகள் ஒதுங்கும் ஆழமற்ற நீரையும் கண்டல் காட்டையும் கருதி, 2009-இல் அந்நாட்டரசு இரு கடலோரப் பகுதிகளை வேளாவின் இன்றியமையா வாழிடமாக அறிவித்தது. நம் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு திறந்தாலும் உபரிநீர் அடையாற்றின் வழியே கடலுக்குத்தான் போகிறது. அந்த முகத்துவாரத்து மீன்கள் அப்போது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி ஒரு சிக்கல். ஏற்பியில் பத்து நாட்களாக ஒரு திருக்கையின் எண் பதிவாகவில்லை என்று கொள்வோம். அது வேறிடம் போய்விட்டதா? வலையில் அகப்பட்டதா? மின்கலம் தீர்ந்ததா? அல்லது அருகிலேயே கிடந்தும் ஏற்பிக்குக் கேட்கவில்லையா? அலையடித்தால் இரைச்சல் மிகும். பவளப்பாறைகளில் சொடுக்கு இறால்கள் இரவெல்லாம் படபடவென்று வெடிப்பது போல் ஒலியெழுப்பும். மணலில் புதைந்த திருக்கையின் ஒலியும் மங்கிவிடும்.

இதற்காக ஆய்வாளர்கள் ஏற்பியிலிருந்து தெரிந்த தொலைவில் ஓர் ஒலிபரப்பியைக் கயிற்றில் கட்டி அங்கேயே விட்டுவைப்பார்கள். அது நூறு முறை ஒலித்தால் எத்தனை முறை பதிவாகிறது என்று நாள்தோறும் எண்ணுவார்கள். அமைதியான நாளில் தொண்ணூறு, கொந்தளிப்பான நாளில் முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நாட்களிலும் கட்டிவைத்த கருவி நன்றாகக் கேட்டிருந்தால், திருக்கை ஏற்பிக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்று ஓரளவு நம்பலாம். அதுவும் கேட்கவில்லையென்றால், குறிப்பேட்டில் அந்த நாட்களுக்கெதிரே கேள்விக்குறிதான் போடவேண்டும்.