வீட்டு சர்வருக்கு இரண்டு டிஸ்க்: எந்த முறை யாருக்கு?

பழைய லேப்டாப்பையோ ராஸ்பெர்ரி பையையோ சர்வராக்கி, இரண்டு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்குகளைச் செருகி, ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் பதியும்படி செய்வதுதான் மிரரிங். குழந்தைகளின் படங்களும் கல்யாண வீடியோவும் ஸ்கேன் செய்த பத்திரங்களும் அதில் இருக்கப்போகின்றன. அதனால் முறையை நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிரரிங்கை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே அது போய்விடும். ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காது என்பது மட்டுமே இதில் கிடைக்கும் பலன்.

யூஎஸ்பியில் பெரும்பாலும் காலை வாருவது டிஸ்க் அல்ல. கேபிள், அடாப்டர், பெட்டிக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப் ஆகியவைதான். நல்ல நிலையில் உள்ள டிஸ்க் சில நொடிகள் காணாமல்போய் வேறு பெயரில் திரும்பி வரும். அப்படி வரும் டிஸ்கை எந்த முறை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்பதை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

லினக்ஸில் பழகிய முறை எம்டிஅட்ம் (mdadm). சிறிய கணினியிலும் இலகுவாக ஓடும். விலகிய டிஸ்கைப் பொதுவாக நாம்தான் மறுபடி சேர்க்க வேண்டும். பிட்மேப் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் இடையில் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகும். இல்லாவிட்டால் முழு டிஸ்கும் நகலாக வேண்டும். 4 டிபி என்றால், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 11 மணி நேரம். இதன் பெரிய குறை, இரண்டு பிரதிகளும் வேறுபட்டால் எது சரி என்று இதற்குத் தெரியாது என்பதே.

இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு அது தெரியும். ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருப்பதால், கெட்ட பிரதியைக் கண்டுபிடித்து நல்ல பிரதியிலிருந்து சரிசெய்துவிடும். திரும்பி வந்த டிஸ்கில் விடுபட்டதை மட்டும் நிரப்பும். ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ராம் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். டீடூப் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி) இல்லாத வீட்டுச் சர்வருக்கு அது கட்டாயமில்லை. ஆனால் உரிமச் சிக்கலால் இது லினக்ஸ் கெர்னலின் பகுதியாக இல்லை. உபுண்டுவில் தயாராக வரும்; டெபியனில் கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலும் மறுபடி கட்டமைக்கப்பட வேண்டும்.

பிடிஆர்எஃப்எஸ் (btrfs) என்ற ஃபைல் சிஸ்டம் 2009 முதல் கெர்னலிலேயே இருக்கிறது, செக்சமும் உண்டு. ஆனால் விலகித் திரும்பிய டிஸ்கை அது தானாகச் சமன் செய்யாது. எல்லாத் தரவையும் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை நாம் ஓட்ட வேண்டும். ஒரு டிஸ்க் இல்லாமல் பூட் ஆனால், டிகிரேடட் என்று சொல்லாதவரை மவுண்ட் ஆகாது. யூஎஸ்பிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரெய்டு வசதியோடு விற்கும் இரட்டை டிஸ்க் பெட்டி எளிது. ஆனால் பெட்டியே பழுதானால் டிஸ்குகளை வேறு இடத்தில் படிக்க முடியும் என்ற உறுதி இல்லை.

பெரும்பாலான வீடுகளுக்கு மிரரிங்கே தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு டிஸ்கைப் பயன்படுத்துங்கள். இரவில் ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் நிரல் மற்றதில் தேதிவாரியாக நகலெடுக்கட்டும். மாறாத கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் போட்டால் அவை இரண்டாம் முறை இடம் பிடிக்காது. போன வாரம் அழித்த படமும் கிடைக்கும். டிஸ்க் செத்தால் கடைசி நகலுக்குப் பிறகு சேர்ந்தவை மட்டும் போகும். ஒரு எச்சரிக்கை: இரண்டாவது டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகலெடுக்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். இல்லையேல் அத்தனையும் சிஸ்டம் டிஸ்கில் கொட்டி அதை நிரப்பிவிடும். வீட்டில் எல்லோரும் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், சர்வர் நிற்கவே கூடாது என்றால் இசட்எஃப்எஸ் மிரர் போடுங்கள். கூடவே பேக்கப்புக்கு மூன்றாவது டிஸ்கும் வாங்குங்கள்.

எந்த முறையானாலும் மின்சாரத்தைக் கவனியுங்கள். ராஸ்பெர்ரி பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்து தருவது 1.2 ஆம்பியர்தான், யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இரண்டு டிஸ்குகள் சுழலத் தொடங்கும்போது அது போதாமல் போகலாம். தனி அடாப்டருள்ள டிஸ்குகளையோ பவர்டு ஹப்பையோ வாங்குங்கள். இரண்டு அடாப்டர்களையும் சர்வரோடு ஒரே யூபிஎஸ்ஸில் இணையுங்கள். ஒன்று வெளியே இருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் மிரர் உடையும்.

மிரர் போடுகிறவர்கள், படங்களை ஏற்றும் முன் சில கோப்புகளோடு ஒரு டிஸ்கின் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஒற்றை டிஸ்கோடு ரீபூட் செய்து, பிறகு மற்றதைச் சேருங்கள். அப்போது கொடுத்த கட்டளைகளைத் தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க் செத்த அன்று சர்வரில் சேமித்த குறிப்பைத் திறக்க முடியாமல் போகலாம்.