பனிக்கால விருந்தாளிகள்: அலகில் இருப்பது புழுவா, மணியா?

ஐப்பசி மழை தொடங்கும் காலத்தில், திருநாவலூர், உளுந்தூர்பேட்டை வட்டார வயல்களில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளைக் காணலாம். சைபீரியா, மத்திய ஆசியா, இமயமலை முதலிய பகுதிகளிலிருந்து வரும் இவை பங்குனி வரை தங்குகின்றன. பயிரில் இறங்கும் கூட்டத்தை விரட்டுவதா, விட்டு வைப்பதா? விடை பறவையின் அலகில் இருக்கிறது.

வருவன எவை?

தகைவிலான் நெற்பயிருக்கு மேல் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும், தானியத்தைத் தொடாது. மஞ்சள் வாலாட்டி வரப்பிலும், மாடு மேயும் இடத்திலும் பூச்சி பொறுக்கும். பழுப்புக் கீச்சான் வேலிமுள்ளில் தனித்து அமர்ந்து வெட்டுக்கிளி, புழுக்களைப் பாய்ந்து பிடிக்கும். பொறி உள்ளான் சேற்றில் பூச்சி, புழுக்களைத் தேடும். பூனைப்பருந்து தரிசின் மேல் தாழப் பறந்து எலி, வெட்டுக்கிளிகளை வேட்டையாடும். சூறைக்குருவி மட்டும் இரு வகை: வெட்டுக்கிளியையும் தின்னும், முற்றிய சோளம், கம்பு மணியையும் கொத்தும்.

படம் எடுக்கும் முறை

கைப்பேசியே போதும். காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வைக்கோற்போர் அல்லது பனைமரத்தின் மறைவில் அசையாமல் அமருங்கள். துரத்திச் செல்ல வேண்டாம். இருகண்ணோக்கி இருந்தால், அதன் ஒரு கண்ணாடியில் கைப்பேசியைப் பொருத்தியும் எடுக்கலாம். அழகைவிட அலகு தெளிவாகத் தெரிவதே முக்கியம். நாள், நேரம், பயிரின் பருவம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள்.

பயன் என்ன?

ஒரு வாரப் படங்களைப் பார்த்தால், எந்தப் பறவை புழு தின்கிறது, எது மணி கொத்துகிறது என்பது விளங்கும். புழு தின்பவை மிகுந்திருந்தால் அவசரப்பட்டு மருந்து தெளிக்க வேண்டாம். பூச்சியின் எண்ணிக்கை பொருளாதாரச் சேத நிலையை எட்டியதா எனச் செடிகளைச் சோதித்த பின்னரே முடிவு செய்யுங்கள். உளுந்தில் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்த, எக்டருக்கு 50 பறவைத் தாங்கிகளை நடலாம். கரிச்சானும் கீச்சானும் அவற்றில் அமர்ந்து இரை தேடும். நெல், சோளம் போன்ற தானியப் பயிர்களில் தாங்கி நட்டிருந்தால், மணி பிடிக்கும் பருவத்தில் அகற்றிவிட வேண்டும். இல்லையேல் மணி கொத்தும் பறவைகளுக்கும் அவை இருக்கையாகிவிடும்.

அவசரத் தெளிப்பின் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1995-96இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளித்தனர். அந்த வெட்டுக்கிளிகளைத் தின்னவே வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பூச்சியோடு, கூலியின்றி உழைத்த துணையும் போயிற்று.

உள்ளான், கொக்கு ஆகியவற்றுக்கு வலை விரிப்பதும் விஷம் வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஐப்பசியில் பறவைகள் திரும்பி வரும்போது, தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.