அடியாத மாடு படியாதா?

"அடியாத மாடு படியாது" என்பர் பெரியோர். மாட்டுக்குச் சொன்ன இப்பழமொழி மாணவியருக்கும் பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

1898ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் தார்ண்டைக், பசித்த பூனையை ஒரு பெட்டியில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். பூனை பிறாண்டியது, கடித்தது, முண்டியது. தற்செயலாக ஒரு கயிற்று வளையத்தை இழுத்ததும் கதவு திறந்தது; உணவு கிடைத்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் செயல்கள் குறைந்தன. முடிவில் பூனை விரைவாகவே வளையத்தை இழுக்கக் கற்றது. நல்ல பயன் தரும் செயலே பழக்கமாக நிலைக்கிறது. இதனை 'விளைவு விதி' என்பர்.

தண்டனையின் கதை வேறு. பரிசு பழக்கத்தை வளர்க்கும் அளவுக்குத் தண்டனை அதனை அழிக்கும் என்றே தார்ண்டைக் முதலில் எண்ணினார். மேலும் சோதனைகள் செய்தபின், 1930களில் அக்கருத்தை மாற்றிக்கொண்டார். தண்டனை ஒரு செயலைச் சிறிது காலம் அடக்குமேயன்றி நற்செயலைக் கற்பிக்காது என்று பின்னர் ஸ்கின்னரும் கூறினார்.

எங்களுள் ஒருத்தி சிறு வகுப்பில், வேறொரு பள்ளியில், வாய்ப்பாடு தவறியதற்கு அடி வாங்கினாள். அவள் வாய்ப்பாட்டைக் கற்றாளா? இல்லை. கணக்கு வேளையில் வயிற்றுவலி என்று சொல்லக் கற்றாள்! அடிக்குத் தப்பியதே அவளுக்குப் பரிசாயிற்று. ஆகவே பொய் பழக்கமாயிற்று. இன்றும் கணக்கு நோட்டைத் திறந்தால் அவள் கை வியர்க்கிறது. அரசுத் தேர்வு எழுதப்போகும் எங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அடிப்பதை மட்டுமன்றி, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அடிக்குப் பதில் அன்பால் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்ததும் நம் நாடுதான். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது.

ஆனால் எதற்கெடுத்தாலும் பரிசு என்பதும் தவறே. மிட்டாய்க்காகப் படிப்பவள் மிட்டாய் தீர்ந்ததும் புத்தகத்தை மூடிவிடுவாள். உண்மையான பாராட்டும், "எனக்குப் புரிந்துவிட்டது" என்னும் மகிழ்ச்சியுமே நிலைத்த பரிசுகள்.

வில்லாபுரத்தை அடுத்த அவனியாபுரத்தில் சல்லிக்கட்டுக் காளை வளர்ப்போர், பருத்திக்கொட்டை ஊட்டி, தட்டிக்கொடுத்து, பிள்ளைபோல் அதைப் பழக்குவதைக் காண்கிறோம். மாடே அன்புக்குப் படிகிறதே!

தோழியரே, இன்று மாலை தங்கை வாய்ப்பாட்டில் ஐந்து வரி சரியாகச் சொல்லி ஆறாவதில் தடுமாறினால், குட்டுவதற்கு முன் அந்த ஐந்துக்கும் "நன்று" என்போம். ஆறாவது வரியைச் சேர்ந்து சொல்வோம். நாளை அவளே வாய்ப்பாட்டோடு நம்மைத் தேடி வருவாள்.