முதலில் பழைய வண்டியைத் திரும்பக் கொண்டுவா

பொள்ளாச்சி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சிவப்பு ஸ்விஃப்ட், 2012 விஎக்ஸ்ஐ, 94 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. இரண்டாவது ஓனராக உன் பெயர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய முதல் வண்டி. உன் அம்மா, என் அக்கா, இரண்டு நாளாவது எல்லோரிடமும் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள். படங்களுக்குக் கீழே நீ போட்டிருந்த பட்டியலையும் படித்தேன்: 17 இஞ்ச் அலாய், சத்தமான சைலன்சர், ஸ்பிரிங்கை இறக்குவது, ரீமேப், கறுப்பு ஃபிலிம். இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது. உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

வண்டியைத் துடிப்பாக்க வேண்டும், அழகாக்க வேண்டும் என்ற ஆசையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாக அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இந்த ஆசை பிடித்தவர்கள்தான் பள்ளத்துக்குள் இறங்கி, கூடவே நின்று, இது என்ன, அது ஏன் என்று கேட்பார்கள். வண்டிக்கு அப்படி ஒரு ஆள் கிடைப்பது பெரிய விஷயம். உன் பட்டியலில் எனக்கிருக்கும் வருத்தம் அதன் வரிசையில்தான்.

அந்த ஸ்விஃப்ட் 2011 ஆகஸ்டில் புது வடிவத்தில் வந்தது. 1197 சிசி இன்ஜின், சுமார் 86 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. அன்றைக்கு ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கையும் திருப்பங்களில் அது நிற்கும் விதத்தையும்தான் பேசினார்கள். இப்போது உன் வீட்டு வாசலில் நிற்பது அந்த வண்டியின் தேய்ந்த உருவம். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கல்லாகியிருக்கும். நாலு ஷாக்கும் ஒன்றாகச் சோர்ந்திருக்கும். ஒன்றாகச் சோர்ந்ததால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. திராட்டில் பாடியில் கரி, பிளக்கில் தேய்மானம், இன்ஜின் மவுண்ட்டில் வெடிப்பு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொண்டு போயிருக்கும். திருட்டுப் போனதை மீட்டாலே வண்டி உனக்குப் புதிதாகத் தெரியும். நீ செய்யப்போகிற முதல் மாடிஃபிகேஷன் அதுதான். தேய்ந்த வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் என்று எவ்வளவு மாற்றி எழுதினாலும், தேய்மானம்தான் வேகமாக ஓடும்.

ஒரு சின்னப் பரிசோதனை சொல்கிறேன். இருபது கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, நிறுத்தி, நாலு வீலுக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டு. தொடாதே. ஒரு வீலில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் முழுசாக விடவில்லை. காலிபர் பின் காய்ந்து பிடித்திருக்கலாம். அதைச் சுத்தம் பண்ணி கிரீஸ் போட அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் தருகிற இழுவையை எந்த ஏர் ஃபில்டரும் உனக்குத் தராது.

அடுத்தது டயர். இதில்தான் நான் உன்னை அதிகநேரம் உட்கார வைப்பேன். வண்டி ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அகல ரப்பரில்தான். மற்றதெல்லாம் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பழசு பழசுதான். இறுகிப்போன ரப்பர் மழையில் பிடிக்காது.

உன் வண்டிக்கு வந்தது 165/80 ஆர்14. அதே ஸ்விஃப்டின் இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனியே போட்டுக் கொடுத்தது 185/65 ஆர்15. கணக்குப் போட்டுப் பார்: முதலாவதன் மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர், இரண்டாவது 621. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வளைவில் அகலமான பிடி கிடைக்கும், ஆர்சியும் இன்ஷூரன்ஸும் பதற வேண்டியதில்லை. இப்போது உன் 17 இஞ்ச்சுக்கு வா. 205/45 போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய சமம்தான். பக்கச் சுவரைப் பார்: 14 இஞ்ச்சில் 132 மில்லிமீட்டர் ரப்பர், 15-இல் 120, 17-இல் வெறும் 92. நாலு சென்டிமீட்டர் ரப்பர் போய், அந்த இடத்தில் அலுமினியம் வந்து நிற்கிறது. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்றில் இரவில் இறங்கினால் ரிம் வளையும், டயர் பக்கவாட்டில் கொப்பளிக்கும். வாரத்துக்கு ஒன்றாவது என் கடைக்கு அப்படி வருகிறது. பெரிய ரிம் கனமும் அதிகம். சுற்றுகிற கனத்தை இன்ஜின் ஒவ்வொரு சிக்னலிலும் புதிதாக இழுக்க வேண்டும். பார்க்க வேகமாக இருக்கும், ஓட்ட மந்தமாக இருக்கும்.

அதனால் 15 இஞ்ச். வாங்கும்போது மூன்று விஷயம் பார். நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் பிசிடி, அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். நடு ஓட்டை 54.1, வெளியில் விற்கும் அலாய்களில் இது பெரிதாக இருக்கும், அப்படியானால் ஹப் ரிங் கேட்டு வாங்கு. ரிங் இல்லாமல் மாட்டினால் எத்தனை தரம் பேலன்சிங் செய்தாலும் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மூன்றாவது ஆஃப்செட், வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பது. வீல் ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது படத்தில் அழகு. வீல் பேரிங்குக்கு அது தினசரிச் சித்திரவதை. ஸ்பேசர் போட்டுத் துருத்த வைப்பதும் அதே கதைதான்.

இசட்எக்ஸ்ஐயின் பழைய ஒரிஜினல் அலாய் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே எனக்குப் பிடித்த தேர்வு.

பிரேக். உன் வண்டியில் ஏபிஎஸ் இல்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நல்ல டயர் போட்ட அன்றே பிரேக் பாதி தேறிவிடும். மீதிப் பாதி பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு வந்துவிடுகிறது. மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது அதனால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றிவிடு.

இனி ஸ்பிரிங். இதைச் சொல்லாமல் நான் தூங்க முடியாது.

உனக்கு இரண்டு வயதிருக்கும்போது என்னிடம் ஒரு ஜென் இருந்தது. தரையை ஒட்டி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, என் கையாலேயே நாலு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டினேன். நின்றால் புலி மாதிரி நின்றது. ஒருநாள் உன் அம்மாவை வால்பாறைக்குக் கூட்டிப்போனேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் பள்ளம். ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் ஷாக் அடியில் போய் முட்டியது. முட்டியதும் பின்பக்கம் ஒரு முழம் வெளியே எகிறியது. எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை ஆழியாறு செக்போஸ்ட் வரை எடுக்கவில்லை. அன்றிலிருந்து மலைக்குப் போனால் என் வண்டியில் பின் சீட்டில்தான் உட்காருகிறாள். இதை உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

வெட்டிய ஸ்பிரிங் இரண்டு விதத்தில் ஏமாற்றும். சுற்று குறைந்ததால் விறைப்பாகும். அதே சமயம் வீல் தொங்கும்போது இருக்கையிலிருந்து நழுவும். கம்பெனி கணக்குப் போட்டுச் செய்த லோயரிங் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன, அவை வேறு ஜாதி. ஆனால் நாலு பேர் ஏறினால் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரில் அதுவும் அடி தட்டும். நீ செய்ய வேண்டியது புது ஷாக், புது மவுண்ட், புது புஷ். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய கையோடு அலைன்மென்ட். உன் வண்டியில் திருத்த இடமிருப்பது முன்பக்க டோ மட்டும்தான். பின்னால் டார்ஷன் பீம், அங்கே திருப்ப ஒன்றும் இல்லை. பின் கேம்பரைச் சரி பண்ணினேன் என்று யாராவது பில் கொடுத்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடு.

இன்ஜின் பற்றி. டர்போ உள்ள வண்டிக்கு ரீமேப் நிஜமாகவே வித்தியாசம் காட்டும். உன்னுடையது டர்போ இல்லாத பெட்ரோல். கிடைப்பது சொற்பம். திறந்த ஏர் ஃபில்டர் சத்தத்தைக் கூட்டும், காது அதை வேகம் என்று நம்பிவிடும். சைலன்சரோடு சேர்த்துக் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செக் இன்ஜின் விளக்கு எரியும், புகைச் சான்றிதழ் கிடைக்காது, உன் தெருவில் உறங்கும் குழந்தைகள் எழுந்துகொள்ளும். வேண்டாம்.

இழுவை வேண்டுமென்றால் எடையைக் குறை. நீ படித்த கோயம்புத்தூரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. எஸ். கரிவர்தன் என்றொரு மனிதர். மாருதி 800-இன் இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார், ஃபார்முலா மாருதி என்று பெயர். அந்த இன்ஜின் தெருவில் நாற்பது குதிரைத்திறனைத் தொடாது. எடையைக் கழற்றி எறிந்ததில்தான் அது பந்தயக் கார் ஆனது. 2005-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கியதே ஃபார்முலா மாருதியில்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக் அவர் பெயரில் நிற்கிறது. தேசியப் பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிறு உன்னைக் கூட்டிப் போகிறேன். அங்கே மெக்கானிக்குகள் டயர் காற்றை எத்தனை தரம் அளக்கிறார்கள் என்று மட்டும் பார்.

உன் டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டி, பழைய டூல்ஸ், தண்ணீர் கேன் எல்லாம் சேர்ந்து முப்பது கிலோ இருக்கும் என்று படத்திலேயே தெரிகிறது. உன்னோடு சேர்ந்த வண்டி எடையில் அது ஏறக்குறைய மூன்று சதவீதம். இறக்கி வை. இரண்டரை குதிரைத்திறன் சும்மா கிடைத்த மாதிரி.

சட்டத்தையும் தெரிந்துகொள். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி வடிவமைத்த நிலையிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் அடிப்படை. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கறுப்பு ஃபிலிமுக்கு 2012-லேயே தடை வந்துவிட்டது. முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும். அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்ஷூரன்ஸ்தான். விபத்துக்குப் பிறகு சொல்லாத மாற்றம் ஒன்று கண்ணில் பட்டால் அவர்களுக்கு மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். அலாய் போட்டதை எழுதிக் கொடுத்துவிடு. கழற்றிய ஸ்டீல் ரிம்களை விற்காதே, மச்சில் இடம் இருக்கிறது.

அழகு விஷயத்துக்குக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிவப்பு ஸ்விஃப்ட் ஏற்கெனவே அழகு. மங்கிய பெயிண்ட்டை நல்ல ஆளிடம் கொடுத்து மெஷின் பாலிஷ் போடு. ஹெட்லைட் மஞ்சளடித்திருக்கிறது; தேய்த்து, மேலே யூவி கோட்டிங் கொடுத்தால் முகமே மாறும், இரவில் ரோடும் தெரியும். வெளிச்சம் இன்னும் வேண்டுமானால் அதே 60/55 வாட் பல்புக்கு ரிலே வைத்த ஒயரிங் கிட் போதும். பழைய ஒயரில் வழியிலேயே கரைகிற வோல்ட்டேஜ் பல்புக்குப் போய்ச் சேரும். ஒயரை வெட்டி ஒட்ட விடாதே, கப்ளரோடு மாட்டுகிற கிட்டாக வாங்கு. 100/90 பல்பு கப்ளரை உருக்கும், எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும். கூரைக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்ட ஆசை என்றாயே, ஆர்சியில் இருக்கும் நிறத்தை மாற்றுவதற்கு ஆர்டிஓவைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒட்டு, எனக்கும் அது பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யாதே. ஒன்றைச் செய், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டு, என்ன மாறியது என்று ஒரு நோட்டில் எழுது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று உனக்கு ஒருபோதும் தெரியாது.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்துவிடு. கடை திறக்குமுன் பள்ளம் காலியாக இருக்கும், நாம் இரண்டு பேரும் அடியில் இறங்கிப் பார்க்கலாம். டிரைவர் கதவுத் தூணில் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும், கிழிந்திருந்தால் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பு. புஷ்ஷும் ஷாக்கும் நான் சொல்லி வைக்கிறேன். வேலை முடிந்ததும் ஆழியாறு வரை ஒரு ஓட்டம் போய் வரலாம். நீ ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன். அக்காவையும் கூட்டி வா. முன் சீட்டு அவளுக்கு.

அன்புடன்,
மாமா.