போனஸ் பணமும் ஃப்ரிட்ஜ் தவணையும்

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் சிவகாசிக்காரர்கள் கேட்பது, ஃப்ரிட்ஜ் எந்தக் கடையில் வாங்கலாம் என்று. ரொக்கம் என்றால் நாலு கடை ஏறி விலை கேட்டால் போதும். தவணை என்றால், கடைக்கு முன்னால் கடன் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

முன்பு அதில் குழப்பம் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுச் சாமான்களைத் தவணைக்கு விற்பதைப் பரவலாக்கியவர் வி.ஜி.பன்னீர்தாஸ். அவருடைய வி.ஜி.பி.யில் விற்பனையாளராகத் தொழில் பழகிய அகஸ்தீஸ்வரத்துக்காரர் எச்.வசந்தகுமார், 1978இல் சென்னையில் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். தவணை வியாபாரமே அதையும் ஊர் ஊராகக் கிளை விடவைத்தது. அந்தக் காலத் தவணையில் பாக்கி கடையின் நோட்டில் இருந்தது. பொருள் ஓடாவிட்டால் பாக்கி வராது என்பதால் கடைக்காரருக்கும் அக்கறை இருந்தது. இன்றைய ஷோரூமில் உங்கள் ஆதாரை வாங்கிப் பதிபவர் பெரும்பாலும் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள். கடைக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். ஃப்ரிட்ஜ் பழுதாகி நின்றாலும் உங்கள் வங்கிக் கணக்கில் பிடித்தம் நிற்காது.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். கூலி வாரக்கூலி, தவணையோ மாதத்தில் ஒரு தேதி. தீபாவளிக்கு வாங்கினால் முதல் தவணை வரும் நேரத்தில் ஆலைகள் விடுமுறையில் இருக்கும், மழையும் பிடித்திருக்கும். 2018 அக்டோபரில் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை மறக்க முடியாது. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கம்பெனி ஒரு அபராதம். ஆகவே என் கணக்கு: போனஸ் பணத்தில் ரொக்கமாக வாங்குங்கள், தவணைதான் என்றால் ஆலைகள் முழுமூச்சாக ஓடும் ஆடியில் எடுத்து, மிச்சத்தைப் போனஸில் அடையுங்கள். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

'வட்டியே இல்லை' என்ற போர்டை நான் நம்புவதில்லை. 2013இலேயே ரிசர்வ் வங்கி, அந்த வட்டி பிராசசிங் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டது. ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம், இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து கடன் தருபவர் ஆண்டு வட்டி விகிதமும் எல்லாக் கட்டணமும் அடங்கிய விவரத் தாள் தந்தாக வேண்டும்.

கிளைகள் உள்ள பெரிய கடையா, விருதுநகர் பஜாரில் தெரிந்தவர் கடையா? பெரிய கடையில் விலை குறைவு, மாடல்கள் அதிகம். வாரண்டியில் பழுது பார்க்க இரண்டுக்கும் கம்பெனி மெக்கானிக்தான் வரவேண்டும். ஆனால் அவர் வராதபோது போன் எடுக்கும் முதலாளி பஜார் கடையில்தான் இருக்கிறார். அதற்காக நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம், ஆயிரம் கூடாது. மின்சிக்கன நட்சத்திர லேபிளில் ஆண்டையும் பாருங்கள்: விதி இறுகும்போது பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் நாலாகிவிடும், பழைய ஸ்டாக் தள்ளுபடியில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏ.சி.க்கு முன் ஏர் கூலரை யோசியுங்கள். பட்டாசுக்கு ஒத்துவந்த சிவகாசியின் வறண்ட காற்று கூலருக்கும் ஒத்துவரும்; சென்னையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பேட் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கட்டில், பீரோ விஷயத்தில் நான் ஆசாரி பக்கம். ஷோரூம் பார்ட்டிக்கல் போர்டு கட்டிலை வீடு மாற்றக் கழற்றி மாட்டினால் ஸ்குரூ பிடிக்காது. ஈரம் பட்டால் ஊதிவிடும். வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு இரும்புக் கட்டிலே போதும். ஆசாரியிடம் செய்தால் மரம் நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள்; பச்சை மரம் இங்கத்திய கோடையில் விரிசல் விடும். அட்வான்ஸ் கொடுத்தால் முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள்.