இனயத்தில் கேள்வி கேட்க வருகிறவளுக்கு

இனயம்

அன்பு மக்களே,

நீ அனுப்பிய வினாநிரலை நிதானமாகப் படித்தேன். நன்றாக உழைத்திருக்கிறாய். கடற்கரைக் குடும்பங்களின் வருமானமும் கடனும் என்பது அவசியமான தலைப்பு. அதை நம்ம ஊரிலேயே செய்ய நீ முடிவெடுத்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் அடுத்த வாரமே இந்தத் தாளோடு இறங்கிவிடாதே. ஏன் என்று சொல்கிறேன்.

வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளை எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். முறை சரி. ஆனால் காலை பத்து மணிக்கு நீ கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? பெண்களும் வயசானவர்களும்தான். ஆண்களில் சிலர் இருட்டோடு கடலுக்குப் போய் வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். சிலர் கேரளத்தில் கொச்சியிலும் முனம்பத்திலும், பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் படகுகளில் இருப்பார்கள். இன்னும் சிலர் பஹ்ரைனில், கத்தாரில், ஈரானில். 2020 ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதே, அதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உனக்கே தெரியும். கொரோனா வந்ததால்தான் வெளியுலகம் அவர்களைப் பார்த்தது. 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு நீ அடுத்த வீட்டுக்குப் போனால், குடும்பத்தைத் தாங்குகிறவனே உன் கணக்கிலிருந்து விழுந்துவிடுவான். உன் அட்டவணைகள் அழகாக இருக்கும். அவற்றில் இனயம் இருக்காது.

இது புத்தகத்துக்குள் இருக்கிற சிக்கல் மட்டும் என்று நினைத்துவிடாதே. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். புயலுக்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போன படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அது ஒரு துயரம். அதன் பின்னால் இன்னொன்று வந்தது: எத்தனை பேரைக் காணவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எந்தப் படகில் எத்தனை பேர் போனார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்பதற்கு முழுமையான பதிவு எங்குமே இல்லை. ஒருவன் தூத்தூரில் பிறந்திருப்பான், படகு கொச்சியிலிருந்து புறப்பட்டிருக்கும், கூட வேலை பார்த்தவன் வேறு மாநிலத்துக்காரனாக இருப்பான். அவனை எந்த ஊரின் பட்டியலில் எழுதுவது? கோயில் பங்குகளில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். அரசு சொன்ன எண்ணும் ஊர்கள் சொன்ன எண்ணும் பொருந்தவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான பேர் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. எங்களைச் சரியாக எண்ணுங்கள் என்பதும் அதற்குள் இருந்தது. காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டம் கொள்ள ஏழாண்டு ஆக வேண்டும். ஒக்கியில் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் ஏறாதவனின் குடும்பம் எங்கே போய் நிற்கும் என்று யோசி. மாதிரி எடுப்பது என்ற பாடத்தை நான் எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

அதனால் வாக்காளர் பட்டியல் ஒன்றை மட்டும் நம்பாதே. கோயில் பங்கின் அன்பியக் குடும்பப் பட்டியல், ரேஷன் அட்டை, மீனவர் கூட்டுறவுச் சங்கப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாத பெயர்களைத் தனியாக எழுது. உன் ஆய்வு அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கட்டும்.

அடுத்தது, 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்ற கேள்வி. மக்களே, இதை எடுத்துவிடு. மாதச் சம்பளக்காரர்களுக்காக எழுதின கேள்வி இது. நம்ம ஆட்களுக்கு வருமானம் மாதத்தில் வராது, கடலுக்குப் போய் வருகிற ஒவ்வொரு ஓட்டத்தில் வரும். பிடித்த மீன் ஏலம் போன பிறகு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரியும். சாளை கூட்டமாக ஏறுகிற நாளில் கை நிறையும். அடுத்த பத்து நாள் டீசல் காசுகூடத் தேறாது. நீ மாதக் கணக்குக் கேட்டால் உன்னை அனுப்பி வைப்பதற்காக ஒரு எண்ணைச் சொல்வார்கள். கடைசியாக எப்போது கடலுக்குப் போனீர்கள், என்ன கிடைத்தது, எவ்வளவுக்குப் போனது, செலவு எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்று கேள். நேற்று நடந்ததை மனிதர்கள் சரியாகச் சொல்வார்கள்.

எந்த மாதத்தில் கேட்கிறாய் என்பதும் பதிலை மாற்றும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வெளியூர்ப் படகுகளில் போனவர்கள் அப்போது வீட்டில் இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள். ஆனால் அது கைமாற்று வாங்குகிற காலம். அந்த இரண்டு மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊரே கடனில் மூழ்கியிருக்கிறது என்று எழுதினால் தவறு. தொழில் நன்றாக நடக்கிற மாதங்களில் மட்டும் வந்தால் அதற்கு நேர்மாறான தவறு. ஒரே வீடுகளுக்கு இரண்டு பருவத்திலும் போ. வேலை கூடும், தெரியும். வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊரில் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதையும் பயன்படுத்திக்கொள். பூசை முடிந்ததும் ஆட்களைப் பிடித்துவிடாதே, மத்தியானத்துக்கு மேல் போ.

பெண்களிடம் கேட்க வேண்டியதை நீ மிகக் குறைவாக வைத்திருக்கிறாய். 'தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று குறிக்கச் சொல்கிறது உன் தாள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இப்படித்தான் 92, 93 என்று எண் போட்டு அவர்களை வீட்டு வேலை என்ற பெட்டிக்குள் வைக்கிறது. ஆனால் கடல்புறத்தில் காசு ஓடுவது யார் கையில்? கணவன் கரையில் இல்லாத நாட்களில் சீட்டுப் போடுவதும், வட்டிக்கு வாங்குவதும், கொடுப்பதும், நகையை அடகு வைத்து வலை வாங்கிக் கொடுப்பதும் அவர்கள்தான். மானிடவியலாளர் கல்பனா ராம் 1980களில் நமக்குக் கிழக்கே கடியபட்டணத்தில் தங்கி இதைத்தான் பார்த்தார். கடற்கரையின் முக்குவர் சமூகப் பெண்களைப் பற்றி 1991இல் வெளிவந்த அவருடைய நூலைக் களத்துக்கு வரும் முன் படித்து முடி. தங்கியதால் கண்டார் என்பதைக் கவனி. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் "சும்மா வீட்டிலதான் இருக்கேன்" என்றுதான் அந்த அம்மாவே சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டுப்பார், தாள் போதாது. இந்தியாவில் 1998-99இல் ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தபோது கேட்டது இந்த மாதிரிக் கேள்விதான். தமிழ்நாடும் அதில் இருந்தது. அந்த முறையைப் பழகிக்கொள்.

கையெழுத்து விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். 2016 ஜூலையில் இனயத்தில் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஊர் எவ்வளவு போராடியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு திட்டம் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் போனது, அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. அப்போதிருந்து தாளும் பேனாவுமாக வருகிற யாரையும் நம்ம ஆட்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. சம்மதப் படிவத்தை முதலில் நீட்டினால் கதவு மூடும். முதலில் ஊர்ப் பெரியவர்களிடமும் பங்குப் பேரவையிடமும் போய், எதற்காகக் கேட்கிறாய், யார் பணம் தருகிறார்கள், தகவல் யார் கைக்குப் போகும் என்று முழுசாகச் சொல். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக வாய்மொழிச் சம்மதம் வாங்கு. பேரவை சரி சொன்னதால் ஒரு வீட்டுக்காரி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. வாய்மொழிச் சம்மதம் ஏன் என்று உன் வழிகாட்டியிடம் எழுத்தில் விளக்கி அனுமதி வாங்கு. பெயரை மறைத்தால் போதும் என்றும் இருந்துவிடாதே. 'இரண்டு வள்ளம் வைத்திருக்கிறார், தம்பி கத்தாரில்' என்று எழுதினாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

சொந்த ஊர்ப்பிள்ளை என்பது உனக்குப் பலம் என்று எழுதியிருக்கிறாய். பாதி உண்மை. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தன் மாணவர்களை வினாநிரலோடு அவரவர் ஊர்களுக்கு அனுப்பினார். நீ படிக்கும் திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கங்கைகொண்டானும் அவற்றில் ஒன்று. அந்த ஊர்களுக்கு 1930களிலும் அதன் பிறகும் மறுபடி மறுபடி ஆய்வாளர்கள் போக முடிந்தது, அந்த மாணவர்கள் எழுதி வைத்ததால்தான். ஆனால் அந்தக் காலத்தில் கல்லூரிக்கு அனுப்ப முடிந்த வீட்டின் திண்ணையிலிருந்து தெரிந்த ஊர் அது. நீயும் ஒரு வீட்டுப் பிள்ளை. உன் அப்பாவிடம் கடன் வாங்கினவர் உன்னிடம் கடனைப் பற்றிப் பேச மாட்டார். அந்த வீடுகளுக்கு வெளியூர்த் தோழி ஒருத்தியை அனுப்பு. ஒக்கியில் கணவனை இழந்தவர்களிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்காதே. உன் தலைப்புக்கு அது வேண்டாம், கேட்டவர்கள் ஏற்கெனவே அதிகம். அதற்குப் பதில், கடற்கரை வாழ்வைப் பற்றி வறீதையா கான்ஸ்தந்தின் தமிழில் எழுதியிருப்பவற்றை முதலில் படி.

மே கடைசியில் வந்துவிடு. முதல் ஒரு வாரம் தாளை எடுக்காமல் ஏலக்கரையில் நின்று பார். அதற்குப் பிறகு பத்து வீட்டில் மட்டும் கேட்டுப்பார்த்து, வினாநிரலை என் முன்னால் உட்கார்ந்து திருத்து. ஆய்வேடு முடிந்ததும் கண்டதை நம்ம பேச்சில் நாலு பக்கம் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் முன்னால் வாசிப்பேன் என்று இப்போதே எனக்கு வாக்குக் கொடு.

அன்புடன்,
உன் மாமா