வேண்டாத எண்ணமும் மன அடக்கமும்

கும்பிட்டு நிற்கும் வேளையிலும் வேண்டாத எண்ணங்கள் மனத்துள் நுழைவதுண்டு. அவற்றை அடக்கத் தம்மால் முடியும் என ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதை அளப்பதற்கு, ஸ்பெயின் நாட்டு உளவியலாளர்கள் 2005ஆம் ஆண்டில் 25 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். அது காட்டுவது ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பீட்டையே. அவரது குணத்தை அன்று.

1987இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் குழுவினர் சிலரிடம், வெள்ளைக் கரடியை 5 நிமிடம் நினையாதிருக்கும்படியும், நினைவு வந்தால் மணியடிக்கும்படியும் கூறினர். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. பின்னர் நினைக்கலாம் என்றபோது, முன்பு அடக்கியவர்களுக்கே அந்நினைவு மிகுதியாக வந்தது.

ஆகவே, கெட்ட எண்ணம் வந்துவிட்டதே என்று தம்மைப் பாவியெனக் கருதி எவரும் கோயிலுக்கு வராது நிற்க வேண்டியதில்லை. அதனோடு மல்லுக்கட்டாது, செய்யும் கருமத்தில் மனத்தைத் திருப்புதலே நன்று. ஓயாது வருத்துமாயின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.